கடற்கரைச் சந்தையை இடித்துக் கட்டும் முன்: வரைபடமா, பெயர்ப்பட்டியலா?

ராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊரிலாவது பழைய மீன் சந்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "கூரை எப்போது தலையில் விழுமோ தெரியவில்லை, இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள்" என்பது ஒரு கட்சி. "இடிப்பார்கள், நம்மை வெளியே போடுவார்கள், திரும்ப உள்ளே விடமாட்டார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கட்டடம், நிலம், கடை உரிமை, பணம் என்று நான்கு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. அவற்றைப் பிரித்து, அடியிலிருந்து பார்ப்போம்.

மற்ற மாவட்டங்களில் நீர்முகப்பு மேம்பாடு என்றால் ஆற்றங்கரை நினைவுக்கு வரும். நம் பக்கம் வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு சரி. மிஞ்சிய வெள்ளம்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைத் தொடும். ஆகவே நம் ஊர்க் கடைத்தெருவின் தண்ணீர்ப் பக்கம் கடல்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் வடகடல், தென்கடல் என்பார்கள்.

சந்தை எப்படி ஓடுகிறது?

வரைபடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்குச் சந்தையைப் பார்க்க வருகிறார்கள். அப்போது ஈரத் தரையும் காலிக் கூடைகளும்தான் இருக்கும். விடிகாலையில் வந்தால் வேறு காட்சி.

1. படகு கரைக்கு வந்ததும் ஏலம். விசைப்படகு மீன், நாட்டுப்படகு மீன், வத்தை என்ற சிறு படகில் வந்த நண்டு என்று தனித்தனியாகக் கூவுவார்கள். பெரிய வியாபாரி பெட்டிக் கணக்கில் எடுத்து ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்.

2. மிச்சத்தைக் கூடைக் கணக்கில் எடுப்பது பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் சந்தைக்குள் தரையில் உட்காருவார்கள். இன்னொரு பகுதியினர் கூடையோடு பஸ் ஏறி உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போய்விடுவார்கள்.

3. சந்தைக்குள் தராசை விடக் கூறுதான் அதிகம் பேசும். ஈரச் சாக்கின் மேல் சூடை ஒரு குவியல், காரல் ஒரு குவியல், பக்கத்தில் நாலு நகரை. "அக்கா, இந்தக் கூறு எவ்வளவு?" "நூறு. எடு, ரெண்டு சேர்த்துப் போடுறேன்." பேரம் முடிவதற்குள் குவியலில் ஒரு மீன் கூடிவிடும்.

4. வாங்கிய மீன் அடுத்து அரிவாள்மனைக்குப் போகும். ஒரு காலால் மனையை அமுக்கிக்கொண்டு, செதில் உரித்து, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுத் தருகிற பெண்ணுக்குக் கடை கிடையாது, ரசீது கிடையாது. சுவரோரம் இரண்டடி இடம் மட்டும்.

ஐஸ் உடைப்பவர், சுமை தூக்குபவர், ஓரத்தில் டீ போடுபவர், விற்காமல் மிஞ்சியதைக் கருவாட்டுக்கு எடுப்பவர் எல்லாரும் இந்த வரிசையில் தொங்கிக்கொண்டு பிழைக்கிறார்கள். ஒரு கண்ணி விலகினாலும் விலை மாறும். ஏலக்கரைக்கும் தரைக் கடைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் கூடினால் அது கூடைக்காரியின் ஆட்டோக் கூலி. அந்தக் கூலி கூறின் விலையில் ஏறும், இல்லையென்றால் அவள் வயிற்றில் குறையும்.

இன்னொரு உள்ளூர்க் கணக்கும் உண்டு. பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்பது நடைமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆகவே இந்தச் சந்தை ஒரு நாள் நிரம்பி வழியும், மறுநாள் பாதி காலியாக இருக்கும். 'சராசரிக் கூட்டம்' என்று ஓர் எண்ணை வைத்து மேடைகளை எண்ணிக் கட்டினால், நிரம்புகிற நாளில் மறுபடி ரோட்டில்தான் கடை விரியும்.

கட்டடம் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

பழைய சந்தையின் ஒரு தூணைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இடுப்பளவு உயரத்தில் நெடுக ஒரு வெடிப்பு இருக்கும். சில இடத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்து, உள்ளே கம்பி செம்பழுப்பாக, இலை இலையாக உரிந்து நிற்கும். விரலால் தட்டினால் துரு உதிரும். இதற்குக் காரணம் உப்பு. காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அந்த விரிவின் அழுத்தம்தான் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் நோய் மறையும், போகாது.

மீன் சந்தைக்கு இந்த அடி இரண்டு பக்கமிருந்தும் விழுகிறது. வெளியே கடல்காற்று, உள்ளே நாள் முழுக்கச் சொட்டும் உப்பு ஐஸ் தண்ணீர். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் கதையும் உப்போடு போராடிய கதைதான். அதில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பரில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது.

கட்டுமானத் தரநிலை இதை முன்பே சொல்லிவிட்டது. இந்தியத் தரநிலை 456, கடலோரக் காற்றுக்கு உட்படும் கட்டடத்தைக் 'கடுமையான' சூழல் என்றும், கடல்நீர்த் தெறிப்பு படும் கட்டடத்தை 'மிகக் கடுமையான' சூழல் என்றும் வகுக்கிறது. முதலாவதில் கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடாக்கும், காங்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும் எம்30 தரமும் வேண்டும். இரண்டாவதில் 50 மில்லிமீட்டரும் எம்35 தரமும். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஊர்க்காரர்கள் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். உள்நாட்டு ஊருக்குப் போட்ட மதிப்பீட்டை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவந்தால், கடன் அடைபடுவதற்கு முன்பே புதுத் தூண் வெடிக்கும்.

சரி, எல்லாப் பழைய கட்டடத்தையும் இடித்துத்தான் ஆக வேண்டுமா? இல்லை. கம்பி எவ்வளவு அரித்திருக்கிறது, உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சோதிக்க முறைகள் இருக்கின்றன. ஓட்டுக் கூரையும் கல்தூணும் கொண்ட பழைய கட்டடங்களில் கம்பியே இல்லை. அவற்றைப் பழுதுபார்ப்பது எளிது, உள்ளே வெக்கையும் குறைவு. சோதனை அறிக்கையைப் பொதுவில் வைக்காமல் 'ஆபத்தான நிலை' என்று மட்டும் அறிவிப்பதை நான் ஏற்கவில்லை. கூரைக்குக் கீழே உட்காருகிறவர்களுக்குத்தான் அந்த அறிக்கை முதலில் போய்ச் சேர வேண்டும்.

நிலம்: கடலோர ஒழுங்குமுறை என்ன சொல்கிறது?

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது, கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து தொடும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை உள்ள பகுதி. முதல் அறிவிக்கை 1991-ல் வந்தது, 2011-ல் மாற்றினார்கள், அதன் பிறகு வந்தது 2019 அறிவிக்கை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

1. நகராட்சிக்குள், ஏற்கெனவே கட்டடங்கள் நெருங்கிவிட்ட பகுதி இரண்டாம் வகை. இங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கத்தில்தான் புதுக் கட்டடம் எழுப்பலாம். அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், ஆனால் பயன்பாடு மாறக் கூடாது.

2. ஊராட்சிப் பகுதிகள் மூன்றாம் வகை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கம் இருந்தால் 50 மீட்டரும், இல்லையென்றால் 200 மீட்டரும் கட்டுமானத் தடைப் பகுதி. ஆனால் மீனவர்களுக்கான ஏலக்கூடம், வலை பின்னும் இடம், மீன் உலர்த்தும் களம், ஐஸ் கூடம் போன்றவற்றுக்கு அந்தப் பகுதியிலும் அனுமதி பெற வழி இருக்கிறது.

3. மன்னார் வளைகுடாவை அந்த அறிவிக்கை எளிதில் பாதிக்கப்படும் கடலோரப் பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டு, மீனவர் உள்ளிட்ட கரையோர மக்களைச் சேர்த்துத்தான் அதை நிர்வகிக்க வேண்டும் என்கிறது. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும் அங்கேதான்.

'பயன்பாடு மாறக் கூடாது' என்ற மூன்று சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கடலோர இடத்தில் மீன் சந்தைக்குச் சலுகை கிடைப்பதே அது மீன் சந்தை என்பதால்தான். கீழே மீன், மேலே துணிக்கடை, மொட்டை மாடியில் கடல் பார்க்கும் ஹோட்டல் என்று வரைபடம் நீளும்போது, அந்தச் சலுகையின் அடிக்கல்லே அசைகிறது.

உரிமை: யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறது?

கட்டுரையின் மையம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு வெளிச்சம். சந்தையில் விற்பவர்களைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் மூன்று படி.

முதல் படி, நகராட்சியிடம் ஏலத்தில் கடை எடுத்தவர். அவரிடம் உரிமம், வாடகை ரசீது எல்லாம் இருக்கும். ஆனால் கடையில் உட்காருபவர் வேறு ஆளாக இருக்கலாம். உள்வாடகை நம் சந்தைகளில் ஊரறிந்த விஷயம்.

இரண்டாம் படி, தரைக்காரர்கள். சந்தை வசூலை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தவருடைய ஆள் தினமும் வந்து காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கிழித்துத் தருவார். முப்பது வருஷம் உட்கார்ந்தவரிடமும் அன்றைய சீட்டு மட்டும்தான் இருக்கும்.

மூன்றாம் படி, வாசலில், ரோட்டோரத்தில், கூடையோடு நிற்பவர்கள். இவர்களுக்காகவே வந்தது 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். அதன் முக்கியமான விதிகள்:

1. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது.

2. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும்.

3. இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்.

4. பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியது என்றால், உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். மீன்காரிக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

5. ஐம்பது ஆண்டுக்கு மேல் இயல்பாகக் கூடிவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்ற கொள்கையும் அதன் அட்டவணையில் இருக்கிறது.

நல்ல சட்டம்தான், ஆனால் இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, இது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. நம் கடற்கரையில் ராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சி, மண்டபமும் தொண்டியும் பேரூராட்சி. பாம்பன், தேவிபட்டினம் போன்றவை ஊராட்சிகள். அங்கே இந்தச் சட்டத்தின் நிழல் நேரடியாக விழாது. இரண்டாவது, சந்தைக் கட்டடத்துக்கு உள்ளேயே தரையில் இருப்பவர் கடைக்காரரா, தெருவோர வியாபாரியா என்ற இழுபறி. உரிமம் இல்லாததால் கடைக்காரர் பட்டியலில் இல்லை, கூரைக்குள் இருப்பதால் தெருவோரப் பட்டியலிலும் விடுபடுவார். புதுக் கட்டடத்தில் இடம் ஒதுக்கும்போது முதலில் காணாமல் போவது இவர்கள்தான். அரிவாள்மனைப் பெண்களின் பெயரோ எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

பணம்: மாடிக்கடை எங்கிருந்து முளைக்கிறது?

சந்தை கட்ட மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றிலிருந்து பணம் வரும். மீன் சந்தை என்றால் 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்திலும் இடம் உண்டு. முழுவதும் மானியமாக வந்தால் நல்லது. பாதி கடன் என்றால் கணக்கு மாறுகிறது. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளங்குவதற்காக மட்டும்.

கட்டடம் 5 கோடி, அதில் கடன் இரண்டரைக் கோடி. 8 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம். அதோடு துப்புரவு, மின்சாரம், தண்ணீர், பம்பு ரிப்பேர் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு மாதம் 3 லட்சம் என்று வையுங்கள். நூறு தரை மேடை இருந்தால் ஒரு மேடைக்கு மாதம் 3,000, அதாவது நாளுக்கு நூறு ரூபாய். தடைக்காலத்தில் வியாபாரம் படுத்தாலும் இது குறையாது. நகராட்சியால் அவ்வளவு கேட்க முடியாது. அதனால் மாடியில் நாற்பது கடை போட்டு, கடைக்கு 5,000 வாடகை என்று எழுதுகிறார்கள். அதில் 2 லட்சம் வந்துவிடும், தரைக்கு மாதம் ஆயிரம், நாளுக்கு 33 ரூபாய் போதும். காகிதத்தில் அழகாக இருக்கும்.

ஆனால் மீன் வாடையும் ஈரமும் ஏறிவரும் மாடியில் யார் கடை எடுப்பது? மாடி காலியாகக் கிடந்தால் சுமை திரும்பவும் தரைக்கே இறங்கும். கடலோர ஒழுங்குமுறையின் பயன்பாட்டு நிபந்தனையும் மாடிக்கடையோடுதான் மோதும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: கடற்கரை மீன் சந்தை கடனுக்குக் கட்டுகிற கட்டடமல்ல. மானியம் எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்குள் ஒற்றைத் தளமாகக் கட்டுவதுதான் தாங்கும்.

தண்ணீரும் மேடையும்

இந்தப் பகுதி எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. சந்தையைக் காலை மாலை கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். நம் கடற்கரையில் பல இடத்தில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்து, குடம் வரிசையில் வைக்கும் ஊர்கள். உப்புத் தண்ணீரால் கழுவினால் மேலே சொன்ன கம்பி அரிப்பு இன்னும் கூடும். ஆகவே மழைநீர்த் தொட்டியும் தனிக் குடிநீர் இணைப்பும் இல்லாத வரைபடம் பாதி வரைபடம்தான். கழிவுநீரும் அப்படியே. பாக் விரிகுடா ஆழமும் அலையும் குறைந்த கடல். ரத்தமும் செதிலும் கலந்த நீரை அங்கே விட்டால் கரையோரமே தேங்கும், கடல்புல்லுக்குக் கேடு. செதில் பிடிக்கும் வலை, படிய வைக்கும் தொட்டி, சுத்திகரிப்பு எல்லாம் கட்டடத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

அடுத்தது மேடை. புதுச் சந்தை என்றதும் இடுப்புயரக் கிரானைட் மேடை போடுகிறார்கள். வாங்குபவருக்கு வசதி, பார்க்கவும் சுத்தம். ஆனால் அறுபது வயது அம்மா ஆறு மணி நேரம் நின்று விற்க வேண்டும், அரிவாள்மனையைக் காலால் அமுக்கவும் வழியில்லை. முழங்கால் உயரத்தில், சம்மணமிட்டு உட்காரும் அகலத்தில், தண்ணீர் பின்பக்கமாக வடியும் சரிவோடு மேடை போட்டால் இருவருக்கும் ஆகும். செலவு கூடுவதில்லை, உட்காருகிறவரைக் கேட்டால் போதும்.

மற்ற ஊர்களில் நடந்தது

அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரையை மேம்படுத்தியபோது, பல நூற்றாண்டாக ஞாயிறுதோறும் கூடிவந்த குஜாரி பஜாருக்கு வரைபடத்தில் உத்தரவாதமான இடமில்லை. வியாபாரிகளின் சங்கம் உயர் நீதிமன்றம் போய்ப் போராடிய பிறகு, அதே ஆற்றங்கரையில் மேடைகளோடு இடம் கிடைத்து 2014-ல் திறந்தது. சங்கமும் உறுப்பினர் பட்டியலும் இருந்ததால்தான் அவர்களால் வழக்குப் போட முடிந்தது.

திருச்சியில் காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்கப் பல கோடி செலவில் கள்ளிக்குடியில் பெரிய வளாகம் கட்டினார்கள். தூரம் அதிகம், கடை சிறியது என்று வியாபாரிகள் போகவில்லை. கட்டடம் நின்றது, சந்தை நகரவில்லை.

சென்னை மெரினாவை ஒட்டிய லூப் சாலையில் மீன் கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று 2023-ல் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, மீனவர்கள் மறியல் செய்தார்கள். கடைசியில் அவர்களுடைய நொச்சிக்குப்பத்தை ஒட்டியே 366 கடைகளோடு சந்தை கட்டி 2024 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். தூரத்துக்குத் துரத்தாமல் பக்கத்திலேயே கட்டியது, அதன் மற்றக் குறைகளைத் தாண்டி, சரியான முடிவு.

இடைக்காலம்

இடிக்கும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் போகும். சந்தைகள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். வாடிக்கையாளர் வேறு பாதைக்குப் பழகிவிடுவார், பைக்கில் மீன் கொண்டுவருபவர் வாசலுக்கே வந்துவிடுவார், வயதான விற்பனைக்காரி வீட்டோடு தங்கிவிடுவார். அதனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வரைபடத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை:

1. மூன்று படியிலும் உள்ள எல்லாருடைய பெயரும் புகைப்படமும் கொண்ட பட்டியல் எங்கே? அரிவாள்மனைப் பெண்கள், தலைச்சுமைக்காரர்கள் அதில் உண்டா? விசைப்படகு நாளில் ஒரு முறை, நாட்டுப்படகு நாளில் ஒரு முறை, விடிகாலையில் எடுத்த கணக்கா அது?

2. திரும்பி வரும்போது யாருக்கு எந்த மேடை, என்ன வாடகை என்பது இடிக்கும் முன்பே தீர்மானமாகப் பதிவாகுமா? புது ஏலத்தில் விடுவோம் என்றால், பழையவர்களில் யாரால் கேட்க முடியும்?

3. தற்காலிகக் கொட்டகை ஏலக்கரையிலிருந்து எவ்வளவு தூரம்? தண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா?

4. எந்த மாதத்தில் மாறுவது?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். இடம் மாறத் தோதான காலம் ஏப்ரல் 15-க்குப் பிறகுதான். விசைப்படகு நிற்பதால் வரத்துக் குறைவு, கூட்டம் குறைவு. நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருப்பதால் சந்தை முழுதாக நிற்காது, புது இடத்துக்கு வாடிக்கையாளர் மெல்லப் பழகவும் முடியும். ஆனால் அதே பெண்களுக்கு அது கையில் காசில்லாத காலம். கொட்டகைச் செலவையோ முன்பணத்தையோ அவர்கள் தலையில் போடக் கூடாது. மாற்றத்தைத் தள்ளிப்போட்டு ஐப்பசியில் கொண்டுவந்து விட்டால், வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் தார்ப்பாயைக் கிழித்துவிடும். ஆகவே ஒப்பந்ததாரருக்கான பணி உத்தரவில் முதல் வேலையாகக் கொட்டகையும், அதற்கு வாடையைத் தாங்கும் தகரக் கூரையும், மார்ச் மாதத் தேதியோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாமல் கடப்பாரை எடுக்க விடாதீர்கள்.